நகரத் திட்டமும் நம் மக்கள் குரலும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி, முதலியார்பேட்டையில் நடைபெற்ற குழு நெறியாளர் பயிற்சியின் தொடக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கல்விக் கழகமொன்று தன் இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்யும்போது, எத்தனை பேர் பள்ளியிறுதித் தேர்வில் தேறினர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். அக்கணக்கு வேண்டற்பாலதே. ஆயினும் மற்றொரு கணக்கும் உண்டு. கற்றவர் பெற்ற கல்வி, கல்லாதவர் வாயைத் திறந்ததா, அடைத்ததா என்பதே அது. ஒரு தெருவில் ஒரு பட்டதாரி உருவானபின், அத்தெருவின் மூதாட்டி அதிகாரியின் முன் பேசத் துணிவு பெற்றாளா? அன்றி, "படித்த பிள்ளை பேசும், நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கிக்கொண்டாளா? இன்று நாம் தொடங்கும் பயிற்சி இந்த இரண்டாம் கணக்கைச் சார்ந்தது.

நகரம் எவ்வாறு வளர வேண்டும் என்று திட்டமிடுவோர் மக்களைச் சிறு குழுக்களாக அமர்த்திக் கருத்துக் கேட்கும் முறை உலகெங்கும் பரவியுள்ளது. அக்குழுக்களை நடத்துபவரை நெறியாளர் என்கிறோம். நம் தெருக்களில் அத்தகைய குழுக்களை நடத்த நம் பிள்ளைகளையே ஆயத்தப்படுத்துவது நம் நோக்கம்.

கோடு கிழித்தவர் யார்?

நகரமைப்பு என்பது பொறியாளரின் கலை, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். புதுச்சேரியில் வாழ்வோர் அவ்வாறு எண்ணுதல் பொருந்தாது. இந்நகரின் நேர்கோட்டுத் தெருக்கள் தாமே உண்டானவை அல்ல. 1693 முதல் 1699 வரை இவ்வூர் டச்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் அத்தெருக்களுக்குத் திட்டம் வரையப்பெற்றது. பின்னர் மீண்டு வந்த பிரெஞ்சுக்காரர் அதன்மீதே தம் நகரை எழுப்பினர். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம் என்று ஆயிற்று. தமிழர் நகரத்திலும் சாதிக்கும் தொழிலுக்கும் ஏற்பத் தெருக்கள் பிரிந்தன. வைசியாள் வீதி, வெள்ளாளர் வீதி என்னும் பெயர்கள் அதற்கு இன்றளவும் சான்று பகர்கின்றன. நகரைத் துப்புரவு செய்தவருக்கும் அதன் சுமைகளைச் சுமந்தவருக்கும் அந்தப் படத்தில் வீதி இல்லை. எல்லைக்கு வெளியே 'சேரி' என்னும் ஒரு சொல்லே அவர்களுக்கு வழங்கப்பெற்றது. நகரப் படம் ஒன்றில் ஒரு கோடு விழும்போது, ஒரு மக்கட்கூட்டத்தின் சில தலைமுறை வாழ்வும் அதனோடு வரையப்பட்டு விடுகிறது.

நம் முதலியார்பேட்டையும் இதற்கு விலக்கன்று. பிரெஞ்சு ஆட்சியில் தனிக் கொம்யூனாக இருந்த இவ்வூர், 1973ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின் பின்னர்ப் புதுச்சேரி நகராட்சியோடு இணைந்தது. 1898இல் தோன்றி, ரோடியர் ஆலை என்றும் பின்னர் ஏ.எப்.டி. என்றும் பெயர் பெற்ற பஞ்சாலையின் சங்கொலியே இங்குப் பலருக்குப் பொழுதை உணர்த்தியது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடைபெற்றுப் பன்னிருவர் உயிர் நீத்ததும், மறு ஆண்டில் எட்டு மணி நேர வேலை சட்டமானதும் நம் பெரியோர் வாயிலாகக் கேட்ட வரலாறு. அந்த ஏ.எப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டு விட்டது. அதன் பரந்த நிலத்தில் நாளை எழப்போவது என்ன? தொழிற்கூடமா, பூங்காவா, அடுக்கு மாளிகையா, பள்ளியா? அருகில் வாழும் குடும்பங்களுக்கு அதில் வேலையுண்டா, வழியுண்டா? இவை நகரமைப்புக் கேள்விகள். இவற்றுக்கு விடை எழுதப்படும் வேளையில் நம் தெரு பேசியதா என்பதே நம் கவலை.

சட்டம் திறந்த வாயில்கள்

பேசுதற்குச் சட்டம் இடம் தந்திருக்கிறது. 1969ஆம் ஆண்டுப் புதுச்சேரி நகர, கிராம அமைப்புச் சட்டத்தின்படி, வளர்ச்சித் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் பெற்ற பின்னரே அதற்கு இறுதி வடிவம் தர வேண்டும். 1992இல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொறுப்புகளை அவ்வட்டவணை வரிசைப்படுத்துகிறது. நகரமைப்பும், குடிசைப் பகுதி மேம்பாடும், நலிந்த பிரிவினரின் நலன் காத்தலும் அவற்றுள் அடங்கும். 2017இல் புதுச்சேரி தேர்வு பெற்ற 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்திலும் குடிமக்களின் கருத்தைக் கேட்டல் ஒரு படியாக வைக்கப்பெற்றிருந்தது.

ஆனால் வாயில் திறந்திருப்பது வேறு. அதனுள் நடந்து செல்லுதல் வேறு. மூன்று லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள் தொகையுள்ள நகராட்சியில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்பது 74ஆம் திருத்தத்தின் கட்டளை. 2011 கணக்கெடுப்பின்படி அண்டையிலுள்ள உழவர்கரை நகராட்சியின் மக்கள் தொகை 3,00,104. புதுச்சேரி நகராட்சியினுடையதோ 2,44,377. ஆகவே நம் நகராட்சி அக்கணக்கால் அக்கட்டளைக்கு வெளியே நின்றது. உள்ளாட்சித் தேர்தலின் கதையை நீங்கள் அறிவீர்கள். 1968இல் ஒருமுறை, பின் 38 ஆண்டுகள் கழித்து 2006இல் ஒருமுறை. அப்பொழுது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடைபெறாமற் போயிற்று. வார்டு உறுப்பினரும் இன்றி, வார்டு குழுவும் இன்றி இருக்கும் காலங்களில், ஒரு தெருவின் கருத்தைத் திரட்டி உரிய இடத்தில் சேர்க்கும் பொறுப்பு மக்கள் அமைப்புகளின் மேல் விழுகிறது.

ஏட்டில் உள்ள உரிமை தானாக வீடு தேடி வாராது என்பதற்கு மகாத் நகரே சான்று. பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல், பொது நீர்நிலைகள் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்று தீர்மானித்தது. மகாத் நகராட்சியும் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் இயற்றியது. எனினும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரின் தலைமையில் மக்கள் திரண்டு சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகும்வரை அத்தீர்மானம் காகிதமாகவே இருந்தது. அன்று ஒரு நகராட்சியின் தீர்மானத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் மக்களே. நகராட்சியின் வரைபடத்துக்கு உயிர் கொடுப்பவர்களும் அவர்களாகவே இருத்தல் வேண்டும்.

கேரளம் காட்டிய பாடம்

இப்பணிக்கு முன்மாதிரி வெகு தொலைவில் இல்லை. நம் ஒன்றியப் பகுதியின் மாஹேயைச் சூழ்ந்து நிற்கும் கேரளத்தில் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு வழங்குவதென அரசு முடிவு செய்தது. பணம் வருமுன் மக்கள் கூடி, தமக்கு வேண்டுவது இன்னதென்று கூற வேண்டும். ஒரு கூட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்தால் பேசுபவர் நால்வர்; கேட்பவர் ஏனையோர். இதனை அறிந்த அமைப்பாளர், தொடக்க நிகழ்ச்சிக்குப் பின்னர் கிராம சபையைத் துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்தனர். வேளாண்மைக்கு ஒரு குழு, கல்விக்கு ஒரு குழு, பெண்கள் நலனுக்கு ஒரு குழு என்பதுபோல், பட்டியல் சாதியினரின் மேம்பாட்டுக்கும் ஒரு குழு அமைந்தது.

ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டுமே! அதற்காக அவர்கள் செய்த ஏற்பாடு வியக்கத்தக்கது. மாநில அளவில் ஏறத்தாழ 600 பேருக்கு இருபது நாள் அளவும், மாவட்ட அளவில் ஏறத்தாழ 12,000 பேருக்குப் பத்து நாளும், ஊர் அளவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு ஐந்து நாளேனும் பயிற்சி அளிக்கப்பெற்றது. ஆசிரியரும், ஓய்வு பெற்ற அலுவலரும், வேலையற்ற பட்டதாரிகளும் நெறியாளர் ஆயினர். குறைகளும் இருந்தன. முதல் ஆண்டுக் கூட்டங்களில் பெண்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. அதனைக் கண்டு, அடுத்த ஆண்டுகளில் அண்டை வீட்டுக் குழுக்கள் வாயிலாகப் பெண்களை அழைத்து வந்தனர். மக்கள் பேச வேண்டுமாயின் அவர்களைப் பேசவைக்கத் தெரிந்தோர் முதலில் பயில வேண்டும் என்பது கேரளத்திலிருந்து நாம் பெறும் பாடம்.

நமக்கும் இது முற்றிலும் புதிதன்று. அறிவொளி இயக்க நாட்களில் மாலை வேளையில் அரிக்கேன் விளக்கடியில் வட்டமாக அமர்ந்து, எழுத்தைச் சொல்லிக் கொடுக்குமுன் வாழ்க்கையைப் பற்றிப் பேசவைத்த தொண்டர்களையும் கருத்தாளர்களையும் மூத்தோர் நினைவுகூர்வர். அம்மரபின் தொடர்ச்சியாகவே இப்பயிற்சியை நாம் காண வேண்டும்.

குழு உரையாடல் என்பது யாது?

1941இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வானொலி நிகழ்ச்சிகளை ஆராய்ந்து வந்தனர். கேட்போர் முன் இரு பொத்தான்கள். பிடித்தால் பச்சை, பிடிக்காவிடில் சிவப்பு. எந்த நொடியில் மனம் கசந்தது என்பதைக் கருவி காட்டியது. ஏன் கசந்தது என்பதை அது காட்டவில்லை. இராபர்ட் மெர்ட்டன் என்னும் சமூகவியல் அறிஞர், கேட்டவர்களையே குழுவாக அமர்த்தி, அந்த நொடியைச் சுட்டி, "அப்பொழுது என்ன தோன்றிற்று?" என்று வினவும் முறையை வகுத்தார். இன்றைய குழுக் கலந்துரையாடலுக்கு அது ஒரு வித்து. கணக்கெடுப்புப் படிவம் நம் தெருவில் எத்தனை கழிப்பறை என்று கூறும். இரவில் பெண்கள் அப்பொதுக் கழிப்பறைக்கு ஏன் செல்வதில்லை என்று கூறாது. அந்த 'ஏன்' என்பதன் விடை மக்களிடம் உள்ளது.

எட்டு முதல் பன்னிரண்டு பேர், ஒரே பொருள், ஒன்றரை மணி நேரம், ஒரு நெறியாளர், எழுதுவதற்கு ஒருவர். அமைப்பு இவ்வளவே. கடினம் இருப்பது நடத்துவதில்.

நெறியாளர் கற்க வேண்டுவன

முதலாவது, யார் அமர்வது என்பது. சங்கத் தலைவரையும் நான்கு பெரியவர்களையும் அழைத்துவிட்டு ஊரே வந்ததாக எழுதலாகாது. நம்முள்ளும் குரலற்றோர் உண்டு. வாடகை வீட்டில் இருப்போர், கணவனை இழந்தோர், மாற்றுத் திறனாளிகள், விடியுமுன் துடைப்பம் ஏந்திச் சென்று நண்பகலில் திரும்பும் துப்புரவுத் தொழிலாளர் ஆகியோர் பொதுக்கூட்டத்தில் பின்வரிசையிலும் காணப்படார். அவர்களுக்குத் தனிக் குழு வேண்டும். அவர்களுக்கு ஓய்வான நேரமே கூட்டத்தின் நேரமாகவும் இருத்தல் வேண்டும். பெண்கள் தனித்து அமர்ந்தால் பேசுவன, ஆண்களோடு அமர்ந்தால் பேசப்படுவதில்லை.

இரண்டாவது, இடம். ஒருவருக்கு நாற்காலி, மற்றவர்க்குத் தரை என்று இருப்பின் உரையாடல் தொடங்குமுன்னரே முடிந்துவிட்டது. அனைவரும் பாயில் அமர்க. அன்றி அனைவரும் நாற்காலியில் அமர்க. நெறியாளர் வட்டத்தின் ஒரு புள்ளியாக இருக்கட்டும்.

மூன்றாவது, கேள்வி. "உங்கள் தெருவில் வடிகால் வசதி போதுமானதா?" என்று கேட்டால் "இல்லை" என்ற ஒரு சொல் கிடைக்கும். அதற்குமேல் ஒன்றும் கிடையாது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, புதுச்சேரியில் ஒரு நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. "அன்று தண்ணீர் முதலில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? எந்தப் படிவரை ஏறிற்று? எத்தனை நாளில் வடிந்தது? அரிசியை எங்கே தூக்கி வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு பெரியம்மா சுவரில் கையை வைத்துக் காட்டுவார். பொறியாளர் எவரிடமும் இல்லாத அளவு அது. அரிசிப் பானையை எந்த உயரத்தில் வைத்தால் தப்பும் என்று அறிந்தவரிடமிருந்து வடிகாலின் ஆழத்தை அறிதல் கூடும்.

நான்காவது, மௌனத்தைப் பொறுத்தல். கேட்ட கேள்விக்கு உடனே விடை வாராவிடில், நாமே விடையைச் சொல்லிவிடத் துடிப்பது கற்றவரின் இயல்பு. அத்துடிப்பை அடக்குக. பல தலைமுறை பேசாதிருந்த வாய் திறப்பதற்குச் சில கணங்கள் ஆகும். ஓயாது பேசுபவரையும் அவமதியாது தடுத்தல் வேண்டும். "அண்ணே, நீங்கள் சொன்னதை எழுதிக்கொண்டோம். இதைப்பற்றி ஆயா என்ன நினைக்கிறார் என்று கேட்போமா?" என்னும் ஒரு வாக்கியம் போதும்.

ஐந்தாவது, படம். அச்சிட்ட வரைபடத்தை நீட்டினால் எழுத்தறியாதோர் பின்வாங்குவர். தரையில் கோலமாவால் அவர்களே தம் தெருவை வரையட்டும். குழாயடி ஒரு கல்; விளக்குக் கம்பம் ஒரு குச்சி; சுடுகாட்டுப் பாதை ஒரு கோடு. அக்கோடு எந்த இடத்தில் அறுபடுகிறது, பிணம் சுமந்து செல்வோர் எங்கே சுற்றிப்போக நேர்கிறது என்பது அப்பொழுது வெளிப்படும். அதன்பின் அரசின் வரைபடத்தை அருகில் விரித்து இரண்டையும் ஒப்பிடுக. அரசின் படத்தில் காணாத வீடு எது, காணாத வழி எது என்பதை மக்களே சுட்டுவர்.

ஆறாவது, எழுதுதல். இதனைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். "மழை பெஞ்சா கக்கூசு தண்ணி அடுப்பங்கரைக்கு வருது" என்று ஒரு தாய் கூறுகிறாள். நாம் படித்தவர்களாதலின் "கழிவுநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை" என்று எழுதிவிடுகிறோம். தாய் கூறியதில் இடமுண்டு, காலமுண்டு, காரணமுண்டு, இழிவின் வலியுண்டு. நாம் எழுதியதில் ஒன்றும் இல்லை. அதனைப் படிக்கும் அலுவலர் எளிதில் ஒதுக்கி வைப்பார். பேசியவரின் சொல்லை அவ்வாறே எழுதுக. எழுதியதைக் கூட்டத்திலேயே உரக்கப் படித்துக் காட்டுக. "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று திருத்தும் உரிமை அவர்களுடையது. இன்ன சொல்லை இன்னார் சொன்னார் என்று வெளியில் கூறுதல் கூடாது. வேலை தருபவரையும் வீட்டு உரிமையாளரையும் குறித்து அவர்கள் நம்பிக் கூறியது நம்மிடம் இருக்கும் அடைக்கலப் பொருள்.

ஏழாவது, வாக்குறுதி அளியாமை. "பட்டா வாங்கித் தருகிறோம்" என்று நெறியாளர் ஒருவர் கூறிவிட்டால், அன்றே அவர் மற்றொரு அரசியல்வாதியாகி விடுகிறார். இந்தக் கருத்து எந்த அலுவலகத்துக்கு, எந்த நாளில் செல்லும் என்று மட்டும் கூறுக. அதன்பின் என்ன ஆயிற்று என்று அதே குழுவின் முன் மீண்டும் வந்து கூறுக. செய்தி நல்லதாயினும், அல்லதாயினும் திரும்பிச் செல்வது கடன். கேட்டுவிட்டுப் போனவர் திரும்பி வாராத அனுபவம் நம் மக்களுக்கு மிகுதி.

இவற்றை ஆறு அமர்வுகளில் பயில்வோம். முதல் இரண்டில் கேட்டலும் வினவலும். மூன்றாவதில் நீங்களே குழுவாக அமர்ந்து ஒருவரையொருவர் நடத்திப் பார்த்தல். நான்காவதில் தரைப்படமும் தெரு நடையும். ஐந்தாவதில் எழுதுதலும் படித்துக் காட்டலும். ஆறாவதில் மூத்தோர் உடனிருக்க உண்மையான குழுவை நடத்துதல். இருவர் இருவராகச் செல்ல வேண்டும். அவ்விருவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் விரும்பத்தக்கது.

ஓர் எச்சரிக்கை

கருத்துக் கேட்கும் கூட்டம் என்று பெயர் சூட்டப்பட்ட யாவும் கருத்துக் கேட்பன அல்ல. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்க அம்மையார் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்துக் காட்டினார். அடிப்படியில் மக்களை ஏய்த்து இணங்க வைத்தல். நடுவில் செய்தி தெரிவித்தல், ஆலோசனை கேட்டல். மேற்படியில் மக்களே முடிவு செய்தல். நடுப்படியில் நிற்கும் கூட்டத்தை மேற்படி என்று எண்ணி ஏமாறலாகாது. ஏற்கெனவே முடிவான திட்டத்துக்கு நம் மக்களின் கையொப்பத்தை அணிகலனாகப் பூட்ட எவரேனும் முயன்றால், அதற்கு நெறியாளர் துணை நிற்றல் தகாது. "இக்கூட்டத்தின் முடிவால் எதனை மாற்ற முடியும்? எதனை மாற்ற முடியாது?" என்னும் வினாவைத் தொடக்கத்திலேயே திட்ட அலுவலரிடம் கேட்டு, விடையை மக்களிடம் கூறுக. வருகைப் பதிவேட்டில் இடும் கையொப்பம் ஒப்புதல் ஆகாது என்பதையும் தெளிவுறுத்துக.

அரசின் எல்லா அலுவலரும் பகைவர் என்று கொள்ளுதலும் பிழை. கேட்க விரும்பும் அலுவலருக்கு நம் குறிப்பு ஒரு கருவி. கேட்க விரும்பாதவருக்கு அது ஒரு சாட்சி. இரு வகையிலும் அது துல்லியமாக இருத்தல் வேண்டும். நாள், தெரு, எத்தனை பேர், அவர்களுள் பெண்கள் எத்தனை பேர், கூறியது யாது என்னும் விவரங்களோடு கூடிய பத்துத் தெருக்களின் குறிப்பேடு, பத்துக் கண்டனக் கூட்டங்களைக் காட்டிலும் நெடுங்காலம் நிற்கும்.

இளைஞர்களே!

2011 கணக்கெடுப்பின்படி இவ்வொன்றியப் பகுதியில் பட்டியல் சாதியினர் 1,96,325 பேர். நூற்றுக்கு ஏறத்தாழ பதினாறு பேர். இத்தொகையினர் அனைவருக்கும் சார்பாக ஒருவர் பேசிவிட முடியாது. பேசவும் வேண்டாம். நாம் வாழும் நகரின் திட்டத்தில் அவரவர் தெருவைப்பற்றி அவரவரே பேசும் நிலை வர வேண்டும். தலைவர்களை உருவாக்கிய சமுதாயம் நம்முடையது. இனி, கேட்கத் தெரிந்தவர்களையும் அது உருவாக்க வேண்டும். தலைவன் மேடையில் அறியப்படுகிறான். நெறியாளனை எவரும் அறியார். கூட்டம் கலைந்து செல்கையில், "இன்று நான் பேசினேன்" என்று ஒரு மூதாட்டி தன் பேத்தியிடம் கூறுவாளாயின், அதுவே அவனுக்குக் கிடைக்கும் பரிசு.

நாளை மாலை முதல் அமர்வு தொடங்குகிறது. பேனாவும் குறிப்பேடும் கழகம் வழங்கும். நீங்கள் கொண்டுவர வேண்டியது பொறுமை. உங்கள் தெருவிலிருந்து, இதுகாறும் எக்கூட்டத்திலும் பேசாத ஒருவரின் பெயரையும் மனத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். நம் பணி அவரிடமிருந்து தொடங்கட்டும்.